காலை ஜெபம் நாலு நாளைக்கு மேல் நிற்கவில்லையே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கமிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: பனியன் கம்பெனியில ஓவர்லாக் அடிக்கிறேனுங்க. காலைல எட்டரைக்கு மிஷின்ல உட்கார்ந்தா ராத்திரி எட்டரை ஆயிடும். ஒவ்வொரு புது வருஷமும் "இனி தெனமும் ஒரு மணி நேரம் ஜெபம், மூணு அதிகாரம் வேதம்"னு ஆரம்பிக்கிறேன். நாலஞ்சு நாள்ல நின்னுபோகுது. அப்புறம் வேதத்தைத் தொடவே கூச்சமா இருக்குதுங்க. எனக்கு விசுவாசம் பத்தலையா?
– டெய்லர், அனுப்பர்பாளையம்

பதில்: விசுவாசத்தில் குறை இல்லை சகோதரி, நீங்கள் வைத்துக்கொண்ட அளவில்தான் குறை. ஒன்றரை ஷிப்ட் பார்த்து, வந்து சமைத்து, பாத்திரம் கழுவிப் படுப்பவர் ஒரு மணி நேரத்தில் தொடங்கினால் உடம்பே அதை நிறுத்திவிடும்.

பன்னிரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். நாலு நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் ஜெபம். மீதி இரண்டு நிமிடத்தில் வாசித்ததில் மனதில் நின்ற ஒரு வரியை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் இது நின்றால் பிறகு கூட்டலாம். அதற்கு முன் ஆசை வந்தாலும் கூட்ட வேண்டாம்.

மத்தேயு 6:6-ல் ஆண்டவர் "உன் அறைவீட்டுக்குள்" போகச் சொல்கிறார். லைன் வீட்டில் இருப்பதே ஒரு அறை, அதில் நாலு பேர் படுத்திருப்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். மொட்டை மாடிப் படியின் மூன்றாவது படி போதும், வாசல் திண்ணை போதும். ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். இடம் மாறினால், எங்கே உட்காருவது என்று யோசிப்பதிலேயே அந்தப் பன்னிரண்டு நிமிடம் கரைந்துவிடும். போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு அச்சுப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். போனில் வேதம் வாசிப்பது தவறில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் மெசேஜ் மேலே வந்து நிற்கும், அதுதான் தொல்லை.

எங்கே தொடங்குவது? ஆதியாகமத்திலிருந்து பிடிக்காதீர்கள். ஆதியாகமம் ஓடிவிடும், யாத்திராகமத்தின் முதல் பாதியும் ஓடிவிடும். 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வரும், அதை அடுத்து லேவியராகமம். அங்கேதான் பலர் நிற்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்துக்கு 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். அதன்பின் பிலிப்பியர், நாலே அதிகாரம். பழகிய பிறகு புதிய ஏற்பாடு முழுக்க எடுங்கள். மொத்தம் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று வைத்தால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு சங்கீதம் வாசிக்கலாம். 119-ஆம் சங்கீதம் வந்தால் 176 வசனத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அப்படியே பிரித்து வாசியுங்கள்.

இன்னொன்று முக்கியம். விட்டுப்போன நாளின் பகுதியை அடுத்த நாளோடு சேர்த்து வாசிக்காதீர்கள். பாக்கி ஏற ஏற வேதப்புத்தகமே கடன்காரர் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். உங்களுக்கு வந்த கூச்சம் அதுதான். திங்கள் விட்டுப்போனால் செவ்வாய்க்குரியதைச் செவ்வாயில் வாசியுங்கள், அவ்வளவுதான்.

ஜெபத்துக்கு ஒரு வரிசை இருந்தால் மனம் அலையாது. நேற்று நடந்த மூன்று நன்மைக்கு ஸ்தோத்திரம். "எல்லாவற்றுக்காகவும்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், "தண்ணி லாரி வந்தது" என்கிற அளவுக்குக் குறிப்பாகச் சொல்லுங்கள். பிறகு ஒரு தவறை அறிக்கையிடுங்கள். பிறகு மூன்று பேருக்காக வேண்டுங்கள், அதில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். கடைசியாகக் கர்த்தர் கற்பித்த ஜெபம், மெதுவாக. தூக்கம் தள்ளினால் நின்றுகொண்டு, மெல்லிய குரலில் வாய்விட்டு ஜெபியுங்கள். மனம் எதன்மேல் ஓடுகிறதோ அதையே விண்ணப்பமாக மாற்றிவிடுங்கள். மகனுடைய ஸ்கூல் பீஸ்மேல் ஓடினால் அதுதான் இன்றைய ஜெபம்.

மிஷினில் இருக்கும்போதும் வழி உண்டு. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையே நெகேமியா ஜெபித்ததாக நெகேமியா 2:4-ல் இருக்கிறது. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு புது பண்டலையும் பிரிக்கும்போது "கர்த்தாவே, என்னோடு இரும்" என்று ஒரு மூச்சில் சொல்லுங்கள். ஓடுகிற மிஷினில் கண்ணை மூடாதீர்கள், ஊசி விரலில் இறங்கிவிடும். பண்டல் பிரிக்கும் நேரம், டீ நேரம், கரண்ட் போன நேரம் போதும்.

ராத்திரி கம்பெனி வண்டியில் திரும்பும்போது மூன்று நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே சறுக்கினேன், நாளைக்கு எதில் உதவி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையின் சுருக்கம் இது. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் நன்றாகவே உதவும்.

ஷிப்மென்ட் வாரத்தில் பன்னிரண்டு நிமிடமும் கிடைக்காது. அந்த வாரத்துக்கு ஒரு வசனமும் கர்த்தர் கற்பித்த ஜெபமும் போதும், இரண்டு நிமிடம். அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், அது அந்த வாரத்துக்குரிய அளவு.

கேள்வி: வீட்டுக்காரர் எட்டுத் தறி கூலிக்கு ஓட்டறாருங்க. பேங்க் கடன், குழுக் கடன், அடமானத்துல நகை. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஜெபம் பண்ணியும் அடங்கல. ஜெபக்குழுவுல ஒரு அக்கா "கவலைப்படறதே பாவம்"னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் இன்னும் பயமா இருக்குது.
– சோமனூர் வாசகி

பதில்: முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள் சகோதரி. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசுவே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார் (மத்தேயு 26:38). ஒரே ஜெபத்தை மூன்று முறை ஜெபித்தார். நெஞ்சு படபடப்பது பாவம் என்றால் அந்த இரவை என்னவென்று சொல்வது?

"ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியர் 4-ல் எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தவர். விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்தினால் தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் "காத்துக்கொள்ளும்" என்கிறார். மூலமொழியில் அந்தச் சொல் படைவீரர்கள் கோட்டைக்குக் காவல் நிற்பதைக் குறிப்பது. கடன் மறுநாளே தீர்ந்துபோகும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. கடன் வெளியே நிற்கும்போதே உள்ளே ஒரு காவல் உண்டு என்று சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஜெபிப்பவர்கள், கடன் தீராத ஒவ்வொரு நாளும் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்துத் தளர்ந்துபோகிறார்கள்.

ராத்திரி இரண்டு மணி ஜெபம் ஏன் அடங்கவில்லை? பெரும்பாலும் அந்த நேரத்து ஜெபம் கடன் பட்டியலையே திரும்பத் திரும்ப ஓட்டுவதாகிவிடுகிறது. சொல்லச் சொல்ல மூளை விழித்துக்கொள்ளும்.

அதனால் கணக்கைப் பகலுக்கு மாற்றுங்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு இருபது நிமிடம், முடிந்தால் வீட்டுக்காரரோடு உட்காருங்கள். ஒரு நீள நோட்டில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒவ்வொரு கடனையும் எழுதுங்கள். பக்கத்தில் இந்த வாரம் நம்மால் செய்ய முடிந்தது என்ன என்று எழுதுங்கள். தறிக்குப் பாவு நூல் எப்போது வரும், கூலி பாக்கியை யாரிடம் கேட்க வேண்டும், குழுத் தலைவியிடம் எப்போது பேச வேண்டும் என்பவை அங்கே வரும். கடைசியில், நம் கையில் இல்லாதது என்ன என்று எழுதுங்கள். நூல் விலை அங்கே வரும். கடைசிப் பகுதியின்மேல் கையை வைத்து ஜெபியுங்கள். நடுவில் எழுதியதை மறுநாள் செய்யுங்கள். செய்ய வேண்டியதை ஜெபத்தில் தள்ளிவிட்டாலும், ஜெபிக்க வேண்டியதைத் தலையில் சுமந்தாலும் சமாதானம் வராது.

ராத்திரி முழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். "எழுதி வைத்தாயிற்று" என்று சொல்லிக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் கேட்க வேண்டாம். 121-ஆம் சங்கீதம் எட்டே வசனம், மனப்பாடமாக இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுக்க நாலு எண்ணிக்கை, விட ஆறு எண்ணிக்கை. ஒரு மூச்சுக்கு அரை வசனம். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற இடம் வரும்போது, அவர் விழித்திருக்கிறார் என்பதால் நீங்கள் தூங்கலாம் என்று அர்த்தம். போனை மட்டும் தொடாதீர்கள்.

கடனைப் பற்றி இரண்டு வார்த்தை. வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்துவிடுங்கள். குழுத் தவணை கட்டக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். மிரட்டி வசூலித்தால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். கடன் அடைக்க வைத்திருக்கும் பணத்தை "விதைக் காணிக்கை"யாகப் போட்டால் கடன் தீரும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒருவனிடம் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 12:40-ல் பாருங்கள்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தான் (1 இராஜாக்கள் 19). நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது. எசேக்கியாவுக்குச் சுகம் வாக்களிக்கப்பட்ட பிறகும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா.

கேள்வி: டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாக வந்தது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த வருடம்தான் வேலை போனது, அப்பாவும் இறந்தார். இனி எதை நம்புவது?
– மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: உங்கள் துக்கத்துக்கு முன்னால் வேகமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அட்டையில் அந்த ஒரு வசனத்தை மட்டும் அச்சிட்டதால் உங்களுக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். பத்தாவது வசனத்தில் எழுபது வருடம் ஆகும் என்று வருகிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்கு உடனே செய்யச் சொன்னது ஐந்தாவது வசனத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். ஏழாவது வசனம், தங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடச் சொல்கிறது. அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்கிறது. கஷ்டமே வராது என்ற உறுதி அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை.

இப்போதைக்கு வாக்குத்தத்தம் தேட வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். உங்கள் புலம்பலை அந்த வார்த்தைகளில் சொல்லுங்கள், நாகரிகப்படுத்த வேண்டாம். அடுத்த டிசம்பரில் அட்டை வந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

கேள்வி: கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். வயது 46. ஒரு கூட்டத்தில் பேசியவர் "உலக வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா" என்றார். அன்றிலிருந்து பம்ப் ஷாப்ட் கடைவதில் அர்த்தமே இல்லை என்று தோன்றுகிறது. பட்டறையை விற்றுவிடலாமா?
– கோவை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று வரி வசூலித்த ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனைக் கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதே, இடுக்கண் செய்யாதே, சம்பளமே போதும் என்றிரு என்றார் (லூக்கா 3:12–14). வேதத்தில் தேவஆவியால் நிரப்பப்பட்டவன் என்று முதன்முதலில் சொல்லப்படும் பெசலெயேல் பொன், வெள்ளி, வெண்கல வேலையும் மரவேலையும் தெரிந்த கைவினைஞன் (யாத்திராகமம் 31). பட்டறைக்காரர்கள் அந்த அதிகாரத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும். பவுலும் கூடாரத் தொழில் செய்தே பிரசங்கித்தார்.

வேலையைக் கர்த்தருக்கென்று செய்வது என்றால் சுவரில் வசனம் மாட்டுவது மட்டும்தானா? டிராயிங்கில் 0.02 மில்லிமீட்டருக்குள் என்றால் 0.05 வந்த ஷாப்டை நல்ல லாட்டில் கலந்து அனுப்பாமல் இருப்பது. அளக்காத பீஸுக்கு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் அளவு எழுதாமல் இருப்பது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" (நீதிமொழிகள் 11:1) என்றால் கோவையில் அது மைக்ரோமீட்டருக்கும் சேர்த்துத்தான். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுப்பது. கூலிக்காரன் சம்பளம் ராத்திரி தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. ஜாப் ஒர்க் செய்து கொடுத்த சிறு பட்டறைக்காரரின் பில்லை இழுத்தடிக்காமல் இருப்பது. சட்டமே அதிகபட்சம் 45 நாள் என்கிறது. கழற்றி வைத்த மிஷினின் பாதுகாப்பு மூடியைத் திரும்ப மாட்டுவது. ESI, PF உங்கள் பட்டறைக்குப் பொருந்தினால் ஒழுங்காகக் கட்டுவது. கொலோசெயர் 3:23-ஐப் பலர் தொழிலாளிகளுக்குச் சொல்வார்கள். சில வசனம் தள்ளி 4:1-ல் எஜமான்களுக்கும் "நீதியும் செவ்வையுமானதைச்" செய்யச் சொல்லியிருக்கிறது. அதை முதலாளிகள்தான் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். உங்கள் நேர்மையைப் பார்த்து ஏழு குடும்பம் வாழ்கிறது என்பதைச் சின்ன ஊழியம் என்று நினைக்கிறீர்களா?

உண்மையாகவே அழைப்பு இருக்கவும் கூடும், அதை மறுக்கவில்லை. ஒரு வருடம் சோதித்துப் பாருங்கள். சனி மாலையும் ஞாயிறும் யாரும் கவனிக்காத ஒரு வேலையை எடுங்கள், ஞாயிறு பள்ளியோ ஆஸ்பத்திரிச் சந்திப்போ எதுவானாலும் சரி. மைக் பிடிக்கிற வேலை வேண்டாம். வருட முடிவில் உங்களைப் புகழாத இரண்டு மூப்பரிடம், இந்த வேலைக்கு இவர் பொருத்தமா என்று கேளுங்கள். மனைவியின் முழு சம்மதம் வேண்டும். மிஷின் லோன் முடிந்திருக்க வேண்டும். இறையியல் படிப்பு வேண்டும். இவை எல்லாம் கூடிவந்தால் அப்போது பேசலாம். ஒரு வருடத்தில் ஆசை அடங்கிவிட்டால், ஆர்டர் குறைந்த காலத்துச் சலிப்பை அழைப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: லாரி ஓட்டறேன். வடக்கே லோடு போனா 15, 20 நாள். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக முடியறதில்லைங்க. பாவமா?
– நாமக்கல் டிரைவர்

பதில்: ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது (மாற்கு 2:27). வழியில் நிற்கும் ஊரில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி கிடைத்தால் கத்தோலிக்கருக்கு அதுவே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மற்ற சபையாராக இருந்தால் ஊருக்கு வரும் வாரத்தைச் சபை ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வாரநாளில் வீட்டிலேயே திருவிருந்து தர முடியுமா என்று கேட்கலாம். தினமும் ராத்திரி வண்டியை நிறுத்திய பிறகு வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஐந்து நிமிடம். பிள்ளைகள் அப்பாவோடு ஜெபித்தோம் என்று வளரும். "ஜெபம் பண்ணிட்டேன், தூக்கம் வராது" என்று மட்டும் ராத்திரி ஓட்டாதீர்கள். கண் சொருகினால் ஓரம்கட்டித் தூங்குவதுதான் அப்போதைய கீழ்ப்படிதல்.

கேள்வி: தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் வெளியூரில். என் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் காலையிலேயே வந்துவிடுகிறது.
– திருச்செங்கோடு வாசகி

பதில்: உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தூரமில்லை அம்மா. 1913-ல் அந்த மலையேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணவர் ஜெஸ்ஸி 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் ஊழியத்தைத் தொடர்ந்தார். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, தன் பொறுப்பில் மறுபடியும் மலைக்கே போனார். 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களோடுதான் இருந்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து வேலூரில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்.

உங்களை மலையேறச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரம், குறித்த ஆட்கள் என்று ஒன்றைத் தொடங்குங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் தவறிய நாலு பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் மாலை ஒரு மணி நேரம் கணக்கு. அல்லது படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்க்கப் போங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள். கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவருக்கு வந்த நோயைப் பேசாதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் ஜெபியுங்கள். வேறு மதத்தவர் வீடு என்றால் அவர்கள் விருப்பத்தை மதியுங்கள். கேட்காவிட்டால் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள், அதுவும் அன்புதான். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை காலையில் அந்த எண்ணம் வருகிறதா என்று.

கேள்வி: பங்காளிக்கும் எங்களுக்கும் பொதுக் கிணறுங்க. தண்ணி முறையில தகராறு, வரப்புப் பொழியையும் ரெண்டடி நகர்த்திட்டாங்க. நாலு வருஷமா பேச்சு இல்ல. மன்னிக்கணும்னு பிரசங்கம் கேட்கறப்பெல்லாம் நெஞ்சு எரியுது. மன்னிச்சா நிலத்தை விட்டுக்கொடுக்கோணுமா?
– காங்கேயம் விவசாயி

பதில்: இல்லைங்க. மன்னிப்பதும் பட்டா மாற்றிக் கொடுப்பதும் வேறு வேறு. மன்னிப்பு என்பது அவர் கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசையை விடுவது. நிலம் அளவைக்குரிய விஷயம். ஆஸ்தியைப் பாகம் பிரிக்கச் சொல்லி ஒருவன் கேட்டபோது இயேசுவே, என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டார் (லூக்கா 12:14). உடனே பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். இரண்டும் உங்கள் இருவருக்கும் பொருந்தும்.

நிலத்தை முதலில் அளந்துவிடுங்கள். தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரைக் கேளுங்கள். புல வரைபடத்தை வைத்துக் கல் நடட்டும். பங்காளிக்கும் தேதியைச் சொல்லுங்கள், அவர் இல்லாமல் அளந்தால் அது புதுச் சண்டை. கல் நட்ட பிறகு அவர் பக்கம் ஒரு அடி கூடினாலும் ஒத்துக்கொள்ளும் மனதோடு போங்கள். தண்ணீர் முறையைக் கிழமை, மணிக்கணக்கு போட்டு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கரண்ட் வராத நேரத்தை யார் கணக்கில் வைப்பது என்பதையும் எழுதுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

மனதுக்கு வேறு வேலை. தினமும் ஒரு நிமிடம் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். "திருத்தும் ஆண்டவரே" என்று வேண்டாம், அது ஜெபத்துக்குள் ஒளிந்த கோபம். அவர் தென்னை காய்க்கட்டும், அவர் மகளுக்கு நல்ல இடம் அமையட்டும் என்று கேளுங்கள். முதல் பத்து நாள் வாய் மட்டும்தான் சொல்லும், பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகப் போங்கள். இழவு வீட்டிலோ கல்யாணச் சீரிலோ பேசாதீர்கள். போனில் வேண்டாம். பேச வேண்டியது மூன்று வாக்கியம்: நான் இன்ன வார்த்தை பேசியது தப்பு. பொழி நகர்ந்தது எனக்கு வருத்தம். அளந்து முடித்துக்கொள்ளலாம். பழைய கதை நாலு வருடத்தையும் எடுக்காதீர்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரோடு மறுபடி ஒரு முறை. அதற்கும் மசியாவிட்டால் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 வைத்த எல்லைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஈசாக்கும் கிணற்றுக்காரர்தான். ஆதியாகமம் 26-ஐ இந்த வாரம் வாசியுங்கள். தோண்டிய ஒரு கிணற்றுக்கு ஏசேக்கு, வாக்குவாதம் என்று பேர் வைத்தார். அடுத்ததற்குச் சித்னா, பகை. இரண்டையும் விட்டு நகர்ந்து மூன்றாவது தோண்டினார், அதற்குச் சண்டை வரவில்லை, ரெகொபோத் என்று பேர் வைத்தார். அவரைத் துரத்தியவர்களே பிறகு உடன்படிக்கைக்கு வந்தார்கள். அவர் விருந்து வைத்து, சமாதானத்தோடே அனுப்பிவைத்தார். அன்றைக்கே வேலைக்காரர் வந்து "தண்ணீர் கண்டோம்" என்றார்கள்.